பால்வாடியில் நம்ம பிள்ளைக்கும் இடம் உண்டு: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அப்பாக்களை வீட்டில் பிடிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. நான் சிறப்புப் பயிற்றுநர். பெற்றோர் கூட்டங்களை முடிந்தவரை அந்த நாட்களில்தான் வைப்பேன். கீழே இருப்பவை அந்தக் கூட்டங்களில் அப்பா, அம்மா, பாட்டிமார், பால்வாடி டீச்சர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள். அரசுக் கணக்கில் அது அங்கன்வாடி. தொண்டி முதல் மூக்கையூர் வரை நம் வாயில் வருவது பால்வாடிதான் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

2016ஆம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவித்திறன், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், தசைச்சிதைவு எல்லாம் அதில் உண்டு. உங்கள் பிள்ளைக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதை மருத்துவர் நிதானமாகப் பார்த்துச் சொல்லட்டும். அந்த வயதுப் பிள்ளைகள் தானாகச் செய்கிற ஒன்றைச் செய்ய இந்தப் பிள்ளைக்கு இன்னொரு கை வேண்டியிருக்கிறதா? அது தெரிந்தால் போதும், நாம் வேலையைத் தொடங்கிவிடலாம்.

அப்புறம், ‘ஊமை’, ‘நொண்டி’, ‘லூசு’ என்று தெருவில் யாராவது கூப்பிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளைக்கு நீங்கள் வைத்த பெயர் இருக்கிறது.

இரண்டரை வயதாகிறது, இன்னும் பேசவில்லை. ‘அவன் அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்’ என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். அப்பா தாமதமாகப் பேசியது உண்மையாகவே இருக்கட்டும். தாமதமாகப் பேசிய நாலு பேரைப் பற்றித்தான் ஊர் பேசும். பேசாமலே போனவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

கர்ப்பத்தின்போது உங்களுக்குக் கொடுத்த தாய் சேய் நல அட்டையைத் தேடி எடுங்கள். எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அதில் படத்தோடு இருக்கும். தடுப்பூசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். 9 மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். 18 மாதத்துக்குள் தனியாக நடக்க வேண்டும். இரண்டு வயதில் ‘அம்மா தா’, ‘மாமா போச்சு’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். சில வாரம் முன்பின் ஆகலாம். ஆனால் தெரிந்த சொல்லை மறப்பது, முன்பு சிரித்த பிள்ளை முகம் பார்ப்பதை நிறுத்துவது போன்றவற்றைக் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைச் சோதியுங்கள். நாக்கை அல்ல. ‘பின்னாடி நின்னு தட்டைத் தட்டுனேன், திரும்பினான், காது கேக்குது’ என்பார்கள். தட்டு விழுந்த அதிர்வில் திரும்பியிருக்கலாம், உங்கள் நிழலைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். மருத்துவமனையில் பெரா பரிசோதனை என்று ஒன்று உண்டு. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டே எடுப்பார்கள், வலிக்காது. கேட்கும் திறன் மிகவும் குறைவு என்று தெரிந்தால், 6 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கேட்கும் கருவி) பொருத்த வழி இருக்கிறது. இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று சொல்லும்போது கழிவது அந்த ஆறு வருடத்தில் ஒரு வருடம்.

பிள்ளை கையில் போன் இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள். போன் பார்ப்பதால்தான் பேச்சு வரவில்லை என்று நான் சொல்லவில்லை. போன் பிள்ளைக்குப் பதில் சொல்லாது, நீங்கள் சொல்வீர்கள்.

முதலில் நடக்கட்டும், கொஞ்சம் பேசட்டும். அப்புறம் பால்வாடியில் விடலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். சரியில்லை. மற்ற பிள்ளைகளோடு இருந்தால்தான் பேச வேண்டும் என்ற ஆசையே வரும். எழுந்து போய்த் தொட ஏதாவது இருந்தால்தான் எழுந்து நிற்கத் தோன்றும். வீட்டுப் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எதற்காக எழ வேண்டும்?

கடலை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நாலு வயதுப் பையன் ஒருவனை வீட்டில் போய்ப் பார்த்தேன். மூளை முடக்குவாதம். கழுத்து சரியாக நிற்காது, கால் இரண்டும் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும். அம்மா சொன்னார்: “காலையில பால்வாடிப் பாட்டு கேட்டா மட்டும் காலை உதைப்பான் டீச்சர்.” பால்வாடி அந்த வீட்டிலிருந்து நாற்பது அடி இருக்கும். இரண்டு வருடமாக அவன் காதாலேயே அங்கே போய் வந்துகொண்டிருந்திருக்கிறான்.

அவன் உட்கார இருக்கை வேண்டும். அவன் அப்பா மீன் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து முன்பக்கத்தை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பழைய மெத்தைப் பஞ்சை வைத்துத் தைத்தார். இயன்முறை மருத்துவர் வந்து பார்த்துக் கால் வைக்கும் பலகையை உயர்த்தச் சொன்னார். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், பாதம் இரண்டும் எதன்மேலாவது பதிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் கழுத்து தானாகக் கொஞ்சம் நிமிர்கிறது, கை விடுபடுகிறது. (பார்த்துப் பழகாமல் நீங்களே செய்து உட்கார வைத்துவிடாதீர்கள். தப்பான இருக்கை இடுப்பு மூட்டைக் கெடுத்துவிடும்.)

காலையில் டீச்சர் பெயர் கூப்பிடுவார். மற்ற பிள்ளைகள் “உள்ளேன் டீச்சர்” என்று கத்தும். இவன் பெயர் வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் மெதுவாகச் சொன்னேன், மனதுக்குள் பத்து எண்ணிப் பாருங்கள் என்று. மறுநாள் எண்ணினார். ஏழில், தொண்டையிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த வாரம் நான் போனபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி மற்றவர்களை அடக்கிக்கொண்டிருந்தாள்: “சும்மா இருங்க, அவன் வர்றான்.” காத்திருக்க வேண்டும் என்று அந்தச் சின்னப் பெண்ணுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

அவன் இன்னும் நடக்கவில்லை. ஆனால் பால்வாடிக்கு வருகிறான்.

‘சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் சேர்த்துக்கிறோம்’ என்று சொன்னால்?

பால்வாடியில் சேர்க்க மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 6 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பால்வாடி வழியாக உணவு பெற உரிமை உண்டு. நடக்கும் பிள்ளை, நடக்காத பிள்ளை என்ற பிரிவே அதில் இல்லை. 2016 சட்டம் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. 2023 நவம்பரில் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே அங்கன்வாடிகளுக்கு ஒரு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அறிகுறிகளை முன்னதாகக் கண்டுபிடிப்பது, பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு குடும்பத்தையும் பலப்படுத்துவது, மருத்துவக் குழுவிடம் அனுப்புவது என்று மூன்று படியாக அது சொல்கிறது. ஆக, அனுப்புவது பால்வாடியின் வேலை. திருப்பி அனுப்புவது அல்ல.

ஆனால் போனதும் சட்டத்தை எடுத்து வீசாதீர்கள். பெரும்பாலான டீச்சர்களுக்கு இருப்பது பயம்தான். ‘எங்கிட்ட இருக்கும்போது ஏதாவது ஆயிட்டா?’ என்ற பயம். முதல் வாரம் நான் ஒரு மணி நேரம் கூட இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். முடியவில்லை என்றால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், வாய்மொழியாக வேண்டாம்.

என் மனக்குறை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2016 சட்டம் இலவசக் கல்வியை 6 வயது முதல் 18 வரை உறுதி செய்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை. 3 முதல் 6 வயதுக்கு, ‘அரசு ஏற்பாடு செய்யலாம்’ என்ற தோரணையில்தான் அதன் 11ஆம் பிரிவு பேசுகிறது. பிள்ளையின் மூளை வேகமாக வளர்கிற வருடங்களுக்குத்தான் சட்டத்தின் பிடி தளர்வாக இருக்கிறது. இது மாறியே ஆக வேண்டும்.

சிறப்புப் பள்ளி நல்லதா, ஊர்ப் பால்வாடி நல்லதா?

இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சி மையம், மற்ற நாள் பால்வாடி என்று பல குடும்பங்கள் சமாளிக்கின்றன. மூன்று வயதில் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ விடுதியில் விடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வயதில் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம் அம்மா வாசனை.

ஒரே ஒரு விலக்கு. முழுமையாகக் காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் மற்ற பிள்ளைகளும் பெரியவர்களும் வேண்டும். ஊர்ப் பால்வாடியில் அது கிடைப்பதில்லை. அந்தக் குடும்பங்கள் பள்ளிப் பருவத்துக்கு முன்பே நல்ல செவித்திறன் குறைபாடுடையோர் பள்ளியைப் போய்ப் பார்த்து வைப்பது நல்லது.

சைகை பழக்கினால் பேச்சு வராமலே போய்விடாதா?

போகாது. சைகை தெரிந்த பிள்ளை பேச்சை விட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தரையில் புரண்டு அழுகிற பிள்ளைக்கு ‘தண்ணி’, ‘போதும்’, ‘வலிக்குது’ என்று மூன்று சைகை தெரிந்தால் வீடே மாறிவிடும்.

ஒரு கூட்டத்தில் ஒரு அப்பா “கையை ஆட்டுறதெல்லாம் பேச்சா?” என்று கோபப்பட்டார். கடலில் என்ஜின் ஓடும்போது பக்கத்துப் படகுக்கு எப்படிச் சேதி சொல்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கையைத் தூக்கி, வலையை வாங்கு, மீன் இருக்கு, கரைக்குத் திரும்பு என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். அவர் மகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதலில் பழகிய சைகைகளில் ஒன்று ‘கரைக்குத் திரும்பு’. வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அதைத்தான் காட்டுவாள்.

நான் பால்வாடி டீச்சர். இருபது இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு ஆயா. போனில் பதிவு, எடை, உயரம், சமையல். இதில் இந்தப் பிள்ளைக்கு எங்கே நேரம்?

நியாயமான கேள்வி. டீச்சர்மேல் பழியைப் போட்டு முடிக்கிற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. மாவட்டத்தில் 11 வட்டாரங்கள். கடற்கரை 237 கிலோமீட்டர் வாக்கில் நீள்கிறது. என்னைப் போன்றவர்கள் ஒரு பால்வாடிக்கு வாரம் ஒருமுறை வந்தாலே பெரிது. சிறப்புப் பயிற்றுநர்களை அதிகமாக நியமிக்காமல் ‘எல்லாப் பிள்ளையையும் சேருங்கள்’ என்று சொல்வது பாதி வேலைதான்.

இருந்தாலும், தனியாக நேரம் ஒதுக்காமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. நீங்கள் செய்கிற அதே வேலையைச் சற்று மாற்றிச் செய்தால் போதும்.

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஆறு படம் வரையுங்கள். செருப்பு, பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், வீடு. வரிசையாகச் சுவரில் பிள்ளை உயரத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு துணி கிளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்துங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை அழுவதில் பாதி, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் வருகிற அழுகை. இந்தப் படவரிசை மற்ற பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கிளிப்பை நகர்த்த யார் முறை என்று சண்டையே வரும்.

காது மந்தமான பிள்ளையை உங்கள் முன்னால் உட்கார வையுங்கள், ஆனால் ஜன்னலுக்கு எதிரே அல்ல. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், உங்கள் முதுகில் அல்ல. முகம் இருட்டாக இருந்தால் உதடு தெரியாது. பார்வை குறைந்த பிள்ளைக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போட்டால் தட்டும் தெரியாது, சோறும் தெரியாது. அடர்ந்த நிறத் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கை இறுகிய பிள்ளைக்கு மெழுகுச் சாக்பீஸில் சைக்கிள் டியூபையோ வலை நூலையோ தடிமனாகச் சுற்றிக் கொடுங்கள், பிடிக்க வரும். தாம்பாளத்தில் கடல் மணலைச் சலித்துப் பரப்பினால் விரலால் எழுதும். பென்சில் பிடிக்க முடியாத பிள்ளையும் எழுதும். சங்கு, சிப்பி, பனங்கொட்டை எல்லாம் பிரித்து அடுக்கும் விளையாட்டுக்கு நன்றாக உதவும். எதையும் வாயில் வைக்கும் பிள்ளை இருந்தால் சின்னச் சிப்பி வேண்டாம்.

ஒரே மூச்சில் ‘எழுந்து போய் டம்ளரைக் கழுவிட்டு வந்து வரிசையில் உட்காரு’ என்று சொல்லாதீர்கள். ‘டம்ளரை எடு’ என்று சொல்லுங்கள். எடுத்ததும் அடுத்தது. சொன்ன பிறகு காத்திருங்கள். நான் பார்த்தவரை காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இந்தக் காத்திருப்புதான்.

மாதத்துக்கு ஒரே ஒரு இலக்கு வையுங்கள். ‘இந்த மாதம் தானாக டம்ளர் பிடித்துக் குடிக்க வேண்டும்.’ அவ்வளவுதான். அதையே வீட்டிலும் செய்யச் சொல்லுங்கள்.

பிள்ளை ஒரு இடத்தில் நிற்க மாட்டான், கதவு திறந்தால் ஓடிவிடுகிறான். கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

இதில் மெத்தனம் கூடவே கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் இழுப்பு அதிகம், ஆபத்து என்ற உணர்வு குறைவு. நம் பால்வாடிகள் சில கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஊருணி, கிணறு, இறால் பண்ணைக் குட்டை எதுவும் பக்கத்தில் இருக்கலாம்.

கேட்டுக்கு வெளிப்பக்கம், பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் கொண்டி போடுங்கள். டீச்சரோ ஆயாவோ வெளியே போகும்போது மற்றவரிடம் ‘நீ பாரு’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்த இரண்டு நிமிடம்தான் எப்போதும் விபத்து. பிள்ளையின் சட்டை உள்பக்கம் அப்பா அம்மா போன் எண்ணைத் தைத்துவிடுங்கள். காணவில்லை என்றால் வீடு வீடாகத் தேடுவதற்கு முன் முதல் ஆள் தண்ணீர் பக்கம் ஓட வேண்டும். கடற்கரையில் வலை பின்னுகிறவர்கள், மீன் காயவைக்கிற அம்மாக்கள் எல்லோருக்கும் அந்தப் பிள்ளையை முகம் காட்டிப் பழக்கி வையுங்கள். அதைவிட நல்ல காவல் இல்லை.

கடிப்பதும் அடிப்பதும் பெரும்பாலும் சொல்ல முடியாததன் சத்தம். எப்போது கடிக்கிறான் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பசி, மின்விசிறிச் சத்தம், வரிசையில் நெருக்கம் என்று ஏதாவது ஒன்று மாட்டும்.

மற்ற பெற்றோர் ஆட்சேபம் சொல்கிறார்கள். ‘பார்த்துப் பார்த்து எங்க பிள்ளையும் அதே மாதிரி ஆயிடும்’ என்கிறார்கள்.

ஆகாது. ஒட்டுகிற நோய் இல்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு நாள் கை கோணுவதைச் செய்து பார்க்கும், மூன்றாம் நாள் மறந்துவிடும். ஆட்சேபம் சொன்ன அம்மாவைப் பால்வாடிக்கு அழைத்து அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணியதால்தான் இப்படியா?

நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் பரம்பரையாக வரும் சில குறைபாடுகளுக்கு, குறிப்பாகக் காது கேளாமைக்கு, வாய்ப்பு கூடுகிறது. ஆனால் உறவில் கட்டாதவர்களுக்கும் இப்படிப் பிள்ளை பிறக்கிறது. பிரசவத்தில் மூச்சுத் திணறல், குறைப்பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் எதுவும் காரணமாகலாம். அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்கள். பழியை மட்டும் அம்மா தலையில் ஏற்றாதீர்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள், அதைத் தின்றாள் என்ற பேச்சை வீட்டுப் பெரியவர்கள்தான் நிறுத்த வேண்டும்.

தர்காவிலும் கோயிலிலும் நேர்ந்திருக்கிறோம். அங்கேயே சரியாகிவிடும் என்கிறார்கள்.

நேர்த்திக்கடனைச் செய்யுங்கள். உங்கள் நம்பிக்கையில் தலையிட எனக்கு உரிமை இல்லை, அந்த இடங்கள் குடும்பத்துக்குத் தருகிற தெம்பையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மருந்தையும் பயிற்சியையும் நிறுத்திவிட்டு அங்கேயே தங்காதீர்கள், யாரையும் கட்டிப்போட விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நம் மாவட்டத்து மண்ணில் நடந்தது அது. ஓடுகிறான் என்பதற்காகத் தூணில் கட்டி வைத்த ஒரு பிள்ளையை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவைத் திட்ட மனம் வரவில்லை. கூலிக்குக் கடலில் பாசி எடுக்கப் போக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் கயிற்றை அவிழ்க்க வழி, காலையில் நாலு மணி நேரம் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் ஒரு பால்வாடி.

சாப்பிடும்போது புரையேறுகிறது. பால்வாடிச் சாப்பாடு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் படுக்க வைத்து ஊட்டக் கூடாது. உட்கார வைத்து, தலை லேசாக முன்னால் சாய்ந்திருக்க, சின்னக் கரண்டியில் பக்கவாட்டில் கொடுங்கள். தண்ணீர்போல் இருப்பதுதான் அதிகம் புரையேறும். கூழ்ப் பதத்தில் கரைத்த சத்துமாவு, நன்றாக மசித்த சோறு, மசித்த முட்டை எல்லாம் எளிது. ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அடிக்கடி சளி பிடித்தால், சாப்பிடும்போது உதடு நீலம் பாரித்தால், மருத்துவரிடம் காட்டாமல் தொடராதீர்கள்.

வலிப்பு வந்தால்?

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி. வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் சாவி, இரும்பு எதுவும் கொடுக்க வேண்டாம். மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் எங்கே போவது?

பால்வாடிக்கு ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டுமுறை வரும். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது, 18 வயது வரை பார்க்கிறார்கள். குழு வரும் நாளை டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்து, அன்று பிள்ளையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். மேல்பரிசோதனை தேவை என்றால் சின்ன வயதிலேயே குறைபாட்டைப் பார்த்துச் சிகிச்சையும் பயிற்சியும் தருகிற, மாவட்ட அளவிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். 2022 முதல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் முன்புபோல எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது.

உங்கள் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் குறிப்பிட்ட நாட்களில் இருப்பார்கள். பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குத்தான் என்று நினைத்துப் பலர் போவதில்லை. சின்னப் பிள்ளையையும் கொண்டுபோய்ப் பதியுங்கள். தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ சேவை மையங்களில் பலவகைப் பயிற்சிகளும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன.

ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் இருக்கும். ஒரு பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஆகவே ஒவ்வொரு முறை போகும்போதும் பயிற்றுநரிடம் ஒன்று கேளுங்கள்: ‘வீட்டில் தினமும் செய்ய இரண்டு பயிற்சி சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்கிறேன்.’ அந்தப் படத்தைப் பால்வாடி டீச்சருக்கும் அனுப்புங்கள். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் செய்யும் பயிற்சியைவிடத் தினமும் பத்து நிமிடம் செய்வதுதான் பிள்ளை உடம்பில் நிற்கும்.

அடையாள அட்டை, உதவித்தொகை?

பால்வாடிக்குத் தேவையில்லை என்றாலும் அட்டை எடுத்து வைப்பது நல்லது. தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து மருத்துவரிடம் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்பது எல்லைக்கோடு. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதலில் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, கடுமையான உடல் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தால் ‘நிராமயா’ காப்பீட்டில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், பயிற்சிச் செலவும் அதில் சேரும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணம் கிடையாது.

ஊராட்சி என்ன செய்யலாம்?

பாதை போடலாம். எங்கள் ஊர்களில் சாய்தளம் கட்டி ரிப்பன் வெட்டியிருப்பார்கள், தெருவிலிருந்து அந்தச் சாய்தளம் வரைக்கும் முழங்கால் புதையும் மணல் கிடக்கும். மணலில் சக்கர நாற்காலி ஓடாது, நடைபழகும் பிள்ளைக்குக் கால் நிற்காது. தெருவிலிருந்து வாசல் வரை சிமெண்டுப் பாதை, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம், கழிப்பறையில் பிள்ளை உயரத்தில் கைப்பிடிக் கம்பி. கம்பி உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் துருப்பிடித்துக் கையைக் கிழிக்கும். எவர்சில்வர் போடச் சொல்லுங்கள்.

5 வயது முடிந்ததும் என்ன?

பள்ளி திறக்கும் நாளன்று போய் நிற்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளியைக் காட்டுங்கள். எந்த வகுப்பறை, கழிப்பறை எங்கே, மணிச் சத்தம் எப்படி என்று பிள்ளைக்குப் பழக வேண்டும். அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் மாற்றம் எளிது, வாசல் மாறாது. தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளும் விண்ணப்பிக்கலாம்.

பால்வாடி டீச்சரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். எதற்குச் சிரிப்பான், எதற்குப் பயப்படுவான், எப்படிச் சொன்னால் புரியும், சிறுநீர் வந்தால் எப்படிக் காட்டுவான். மருத்துவ அறிக்கையைவிட அந்த ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு உதவும்.

விடிகாலையில் நான் பாசி எடுக்கப் போய்விடுவேன். மூத்த மகள்தான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பல வீடுகளில் இந்த நிலைதான். அந்த மூத்த மகள் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிப்பாள், வாரம் மூன்று நாள் பள்ளிக்குப் போக மாட்டாள். ஒரு பிள்ளையை வளர்க்க இன்னொரு பிள்ளையின் படிப்பைக் கேட்காதீர்கள். அவள் பள்ளிக்குப் போகும் வழியில் தம்பியைப் பால்வாடியில் விடட்டும், பால்வாடி முடியும்போது பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ கூட்டி வரட்டும். முன்கூட்டியே திறக்க முடியுமா என்று ஆயாவிடம் பேசிப் பாருங்கள், சேர்ந்து கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

முதல் நாள் என்ன கொடுத்துவிட வேண்டும்?

மாற்று உடை இரண்டு செட். அவன் வழக்கமாகக் குடிக்கும் டம்ளர். வீட்டு வாசனை உள்ள ஒரு துண்டு. கேட்கும் கருவி இருந்தால் கூடுதல் பேட்டரி. கருவியைக் கழற்றினால் மணலில் வைக்காமல் போட்டுவைக்க மூடியுள்ள சின்ன டப்பா. பயன்படுத்தும் மருந்தின் பெயர் எழுதிய சீட்டு. முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், அழுது முடிப்பதற்குள் கூட்டிவந்துவிடாதீர்கள், அழுகை நின்று எதையாவது தொட்டு விளையாடிய பிறகு கூட்டி வாருங்கள். மறுநாள் இன்னும் அரை மணி நேரம் கூட்டலாம்.